ஆக்குபேஷன் என்றால் தொழிலா, குடியிருப்பா, ஆக்கிரமிப்பா?

(பெங்களூருத் தமிழர்களின் உரையாடல். பேசுகிறவரின் பெயருக்குப் பதில் அவர் பகுதியின் பெயர்.)

கம்மனஹள்ளி | ஜனவரி 5, காலை 8.40

அடுக்குமாடிச் சங்கத்தின் சுற்றறிக்கை மூன்று மொழியில் வந்தது. ஆங்கிலத்தில் ‘ஆக்குபேஷன் சர்டிபிகேட்’. கன்னடத்தில் ‘ஸ்வாதீனானுபவ பத்ர’. தமிழில் ‘தொழில் சான்றிதழ்’. யாரோ சிரித்ததும் மறுநாள் திருத்திய படி வந்தது. இப்போது ‘ஆக்கிரமிப்புச் சான்றிதழ்’. என் கட்சி இது: சொல் ஒன்றுதான், நாம்தான் ஆளுக்கொன்றாக எழுதிக் குழப்புகிறோம். ஒரே தமிழ்ச் சொல்லை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே போட்டால் என்ன?

அல்சூர் | ஜனவரி 5, காலை 9.25

முடியாது. அதே சங்கத்தின் உறுப்பினர் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ‘ஆக்குபேஷன்’ என்று ஒரு கட்டம் இருக்கும். டெய்லர், டீச்சர் என்று எழுதுவோம். நாலு வரி தள்ளி ‘ஓனர் ஆக்குபைடா, டெனன்ட் ஆக்குபைடா’ என்று இன்னொரு கட்டம். முதலாவது ஆளின் பொழுது எதில் போகிறது என்று கேட்கிறது. இரண்டாவது வீட்டில் யார் இருக்கிறார் என்று கேட்கிறது.

லத்தீன் வேர் ‘ஒக்குபாரே’. பிடி, கைக்கொள் என்று பொருள். ஆங்கிலம் ‘பிடித்தல்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, பிடிபட்டது எது என்பதைப் பக்கத்துச் சொற்களிடம் விட்டுவிடும். தமிழில் பிடிபட்ட பொருளைப் பார்த்துத்தான் சொல்லே வரும். பொழுது என்றால் தொழில். வீடு என்றால் குடியிருப்பு. நிலம் என்றால் கைவசம், சுவாதீனம், அனுபவம். நாடு என்றால் அது தனிப் பஞ்சாயத்து, பிறகு வருகிறேன்.

அல்சூர் | ஜனவரி 5, காலை 9.38

சேர்த்துக்கொள்ளுங்கள்: லத்தீன் வேருக்கு அப்படியே பொருந்தும் தமிழ் ஒன்று உண்டு, ‘இடம் பிடிப்பது’. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே துண்டைப் போடுகிறோமே, அதுதான். ரோமச் சட்டத்தில் ‘ஒக்குபாத்தியோ’ என்பது ஒரு சொத்துரிமை வழி: யாருக்கும் சொந்தமில்லாத பொருளை, காட்டுப் பறவை, கடல் மீன் போன்றவற்றை, தனதாக்கும் எண்ணத்தோடு முதலில் கைப்பற்றுகிறவர் உடைமையாளர். துண்டு போடுகிற அண்ணாச்சி அந்தச் சட்டத்தில்தான் வாதாடுகிறார். தோற்பதும் அதே சட்டத்தில்தான்: ஸீட் காட்டுப் பறவை இல்லை, போக்குவரத்துக் கழகத்தின் சொத்து.

விவேக்நகர் | ஜனவரி 5, காலை 11.50

சொல் ஆராய்ச்சி இருக்கட்டும். சுற்றறிக்கை ஓசி, அதாவது ஆக்குபேஷன் சர்டிபிகேட் பற்றியது, அதில் தப்பு மொழிபெயர்ப்பு பணத்தில் கை வைக்கும். வரிசை இது.

வரைபட அனுமதி, அடித்தளம் தொடங்க அனுமதி, கட்டி முடித்ததற்கான நிறைவு அறிக்கை, கடைசியில் ஓசி. நிறைவு அறிக்கை கொடுப்பவர் ஆர்க்கிடெக்டும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும், ‘கட்டியாயிற்று’ என்கிறது. ஓசி கொடுப்பது மாநகராட்சி. ‘ஆள் குடிவரலாம்’ என்கிறது. இரண்டும் ஒன்றில்லை. ஆர்க்கிடெக்டின் கடிதத்தை லேமினேட் செய்து ‘இதுதான் சார் ஓசி’ என்று நீட்டுவது இங்கே வாடிக்கை.

ஆய்வுக்கு வருகிறவர் அளப்பது சுற்றுப்புற இடைவெளி, மனையில் கட்டடம் அடைத்திருக்கும் பரப்பு, மொத்தத் தளப்பரப்பு விகிதம். 2003ஆம் வருடத்து பெங்களூரு மாநகராட்சிக் கட்டட விதிப்படி 5 சதவீதம் வரையான விலகலை அபராதம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தலாம். அதற்கு மேல் என்றால் இடித்துவிட்டு வா என்பார்கள். வழக்கமாக மாட்டுவது நாலு: மொட்டை மாடியில் கூடுதலாக எழுப்பிய அறை, ஸ்டில்ட் பார்க்கிங்கில் (தூண்களுக்கிடையே வண்டி நிறுத்தும் தரைமட்டம்) சுவர் வைத்துக் கடையாக்கியது, பால்கனியை மூடி அறையோடு சேர்த்தது, பின்பக்க இடைவெளியில் போட்ட ஜெனரேட்டர் ஷெட். உயரக் கட்டடம் என்றால் தீயணைப்புத் துறையின் ஒப்புதல், பெரிய திட்டம் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க ஒப்புதலும் கோப்பில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கோப்பு நகராது.

கையில் ஓசி வந்தால் பார்க்க வேண்டியது: கொடுத்தது வரைபடத்துக்கு அனுமதி தந்த அதே அமைப்புதானா? சர்வே நம்பர், தளங்களின் எண்ணிக்கை, வீடுகளின் எண்ணிக்கை மூன்றும் வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா? ‘பகுதி ஓசி’ என்றால் எந்த டவருக்கு? ஏ டவரின் ஓசியைக் காட்டி சி டவரில் சாவி கொடுப்பதும் நடக்கிறது.

ஸ்ரீராம்புரம் | ஜனவரி 5, பிற்பகல் 1.10

தமிழன் காதில் ‘ஓசி’ என்றாலே காசில்லாமல் வருவது. பெங்களூரில் ஓசி மட்டும் ஓசியில் வருவதில்லை.

விவேக்நகர் | ஜனவரி 5, பிற்பகல் 1.30

அண்ணே, அது உங்கள் பங்குக்குப் போதும்.

விட்டுப்போனது. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் நாடு முழுமைக்கும் சொன்னது: ஓசி பெற்ற பிறகே பில்டர் வீட்டை ஒப்படைக்க வேண்டும், மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு நிறைவுச் சான்றோ குடிபுகு சான்றோ காட்டினால்தான், வங்கிக் கடனும் அதைச் சரிபார்த்த பின்புதான். இங்கே புது மீட்டருக்கு அலைந்தவர்கள் பட்ட பாடு அதனால் வந்தது. பிறகு 2025 அக்டோபரில் மாநில அரசு, 1200 சதுர அடிக்குள் உள்ள மனையில் தரைத்தளம்+2 அல்லது ஸ்டில்ட்+3 வரையான குடியிருப்புகளுக்கு ஓசியிலிருந்து விலக்கு தந்தது. முப்பதுக்கு நாற்பது மனைக்காரர்கள் அதில் வருவார்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் வராது. வரைபட அனுமதி விலக்கப்பட்டதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆக, சுற்றறிக்கையில் ‘ஆக்கிரமிப்புச் சான்றிதழ்’ என்று போட்டால், வாங்கவே கூடாத சான்றிதழ் ஒன்றை வாங்கச் சொல்வதாகிறது. ‘குடிபுகு அனுமதிச் சான்று’ என்று போடுங்கள்.

கம்மனஹள்ளி | ஜனவரி 5, மாலை 6.05

சரி, ஒரு சொல் கட்சியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கன்னடக்காரர்கள் ‘ஸ்வாதீனானுபவ’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்களே?

அல்சூர் | ஜனவரி 5, இரவு 9.15

அது ஒரு சொல்லில்லை, இரண்டு. ஸ்வாதீனம், அனுபவம். இரண்டும் நம்மிடமும் இருக்கின்றன, தமிழ்நாட்டுப் பத்திரங்களில் இன்றும் உயிரோடு. கிரயப் பத்திரத்தின் முடிவில் வரும் வரியை நினைத்துப் பாருங்கள்: ‘இன்று முதல் மேற்படி சொத்தைத் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது’. அங்கே அனுபவம் என்றால் பலனைப் பெறுவது. தெருவில் அனுபவம் என்றால் பட்டறிவு. பத்திரம் எழுதத் தெரியாத ஒருவர் ‘இந்த நிலத்தில் 15 வருட அனுபவம் உள்ளவர்’ என்று எழுதினால், வேலைக்கு விண்ணப்பிக்கிறாரா வழக்குப் போடுகிறாரா என்று கேட்கத் தோன்றும்.

சுவாதீனத்துக்கும் அதே கதி. பேச்சுத் தமிழில் அது ‘சித்த சுவாதீனம்’ என்ற தொடரில்தான் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. அதனால்தான் ‘ஸ்வாதீனானுபவ பத்ர’ என்று பார்த்ததும் தமிழ் வாசகருக்கு லேசாக உதறுகிறது.

கன்னடத்திலிருந்து ஒலியை மட்டும் எடுக்காதீர்கள். அங்கே ‘வ்ருத்தி’ என்றால் தொழில். நமக்கு விருத்தி என்றால் வளர்ச்சி. ‘ஒத்துவரி’ என்றால் ஆக்கிரமிப்பு. நம் காதுக்கு ஏதோ ஒத்துவருகிற மாதிரி இருக்கும், ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) ஓரத்தில் ஜேசிபி வந்து நிற்கும்போதுதான் ஒத்துவராதது புரியும். ‘உத்யோக’ என்றால் எந்த வேலையும். நம் உத்தியோகத்துக்கு மேசையும் நாற்காலியும் வேண்டும்.

விவேக்நகர் | ஜனவரி 6, காலை 7.50

நான் நேற்று போட்ட ‘குடிபுகு’ சரியில்லை. ஓசி கடைக்கும் உண்டு, ஆபீசுக்கும் உண்டு, ஆஸ்பத்திரிக்கும் உண்டு. அங்கே யாரும் குடி புகுவதில்லை. தேசியக் கட்டட நெறி 2016இல் ‘ஆக்குபன்ஸி’ என்பதே கட்டடத்தின் பயன்பாட்டு வகை. ஏ முதல் ஜே வரை பத்து வகை: ஏ குடியிருப்பு, பி கல்வி, சி மருத்துவமனை மாதிரியான நிறுவனங்கள், டி கூட்டம் கூடும் இடம், ஈ அலுவலகம், எஃப் கடை, ஜி தொழிற்சாலை, ஹெச் கிடங்கு, ஜே அபாயப் பொருள்.

அதே நெறியில் ‘ஆக்குபன்ட் லோட்’ என்று ஒன்று. ஒரு தளத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டுப் படிக்கட்டின் அகலம் தீர்மானிப்பது. குடியிருப்புக்கு ஆளுக்கு 12.5 சதுர மீட்டர், அலுவலகத்துக்கு 10. ஆயிரம் சதுர மீட்டர் தளம் வீடாக இருந்தால் 80 பேர், அலுவலகமானால் 100 பேர். வீட்டை பிஜியாக (பேயிங் கெஸ்ட் விடுதியாக) மாற்றினால் ஓசியில் உள்ள ஆக்குபன்ஸியும் படிக்கட்டுக் கணக்கும் இரண்டும் பொய்யாகின்றன. ஒரு அறைக்கு நாலு கட்டில் போட்ட பிறகு 12.5 எங்கே நிற்கும்?

மாருதி சேவாநகர் | ஜனவரி 6, காலை 8.20

நீங்கள் எண்ணியதில் ஒன்பதுதான் இருக்கிறது சார். ஐ எங்கே?

விவேக்நகர் | ஜனவரி 6, காலை 8.31

ஒன்பதுதான். நெறியிலேயே ‘ஐ’ கிடையாது, ஹெச்சுக்கு அடுத்து ஜே. பத்து என்றது என் தவறு.

மாருதி சேவாநகர் | ஜனவரி 6, காலை 10.45

இன்சூரன்ஸ் பக்கம் இருந்து. ஒரே பாலிசிக் கட்டில் இந்தச் சொல் மூன்று உருவத்தில் வரும், மூன்றுக்கும் க்ளெய்ம் நிராகரிப்பு உண்டு.

ஒன்று, தீ பாலிசியில் ‘ஆக்குபன்ஸி’. கட்டடத்தில் என்ன நடக்கிறது என்ற கேள்வி. ‘சொந்தம்’ என்று நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வீடு, துணிக் கிடங்கு, பெயின்ட் கடை என்று எழுத வேண்டிய இடம். பிரீமியம் இதை வைத்துத்தான்.

இரண்டு, ‘அன்ஆக்குபைடு’. நெடுங்காலமாகப் புழங்கும் பொதுத் தீ பாலிசி விதிப்படி, கட்டடம் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆள் புழக்கமில்லாமல் கிடந்து, கம்பெனியின் எழுத்து ஒப்புதலும் இல்லையென்றால் காப்பு நின்றுவிடும். தமிழில் இதற்குக் ‘காலி’ என்று போடுகிறார்கள். தப்பு. சாமான் நிறைந்த கடைகூட ஆள் வராவிட்டால் அன்ஆக்குபைடுதான். ‘ஆளில்லாமல் பூட்டிக்கிடப்பது’ என்றால் சரி.

மூன்று, விபத்துப் பாலிசியில் ‘ஆக்குபேஷன்’. இங்கே பதவிப் பெயர் உதவாது, கை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். முதல் வகுப்பில் கணக்கர், டாக்டர், வக்கீல், ஆசிரியர். இரண்டாவதில் உடலுழைப்பு, கட்டட வேலை. மூன்றாவதில் சுரங்கம், வெடிமருந்து, உயர் அழுத்த மின்சாரம், குதிரைப் பந்தய ஜாக்கி. ‘சூப்பர்வைசர்’ என்று எழுதியவர் சாரத்தில் ஏறி நின்று வேலை வாங்குகிறவர் என்றால் முதல் வகுப்பு செல்லாது. பாலிசி நடுவே வேலை மாறினால் கம்பெனிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பலர் செய்வதில்லை.

கம்மனஹள்ளி | ஜனவரி 6, பிற்பகல் 12.15

அப்போ அந்த ஒரு இடத்திலாவது ‘தொழில்’ என்று நிம்மதியாகப் போடலாமா?

அல்சூர் | ஜனவரி 6, பிற்பகல் 2.40

நிம்மதியாக முடியாது. தொழிலே நாலாகப் பிரிந்துவிட்டது. ‘பையன் என்ன பண்றான்?’ ‘தொழில் பண்றான்’ என்றால் சம்பளத்துக்குப் போகவில்லை, சொந்தமாக ஏதோ நடத்துகிறான். அரசு வழக்கில் தொழில் துறை என்றால் இன்டஸ்ட்ரி. இலங்கையில் ‘தொழில் திணைக்களம்’ என்றால் லேபர் டிபார்ட்மென்ட். இலக்கணத்திலோ செயல் எல்லாமே தொழில். ஓடுதலும் உறங்குதலும் தொழிற்பெயர்.

இதனால் படிவத்தில் சம்பளக்காரர் ‘தொழில்’ கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார், தனக்குத் தொழில் இல்லை, வேலைதான் என்று. கட்டத்துக்கு ‘செய்யும் வேலை அல்லது தொழில்’ என்று தலைப்பு வைத்தால் யாரும் தடுமாற மாட்டார்கள்.

இன்னொரு குழி. ‘ஆக்குபேஷன்: ஐடி’. இது பதிலே இல்லை. ஐடி என்பது துறை. ஐடி கம்பெனியின் வேன் ஓட்டுகிறவருக்குத் தொழில் ஓட்டுநர், துறை ஐடி. அரசின் தொழில் வகைப்பாட்டுக்கு என்சிஓ 2015 என்று தனிப் பட்டியல், எட்டு இலக்க எண். துறைகளுக்கு என்ஐசி 2008 என்று வேறு பட்டியல். மாவட்டப் புள்ளிவிவரம் மொழிபெயர்க்கும்போது இரண்டையும் ‘தொழில்’ என்று போட்டால் அட்டவணை முழுக்கக் கோணல்.

அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவு நாலு சொல்லை அடுக்குகிறது: புரொபஷன், ஆக்குபேஷன், ட்ரேட், பிசினஸ். நாலுக்கும் தமிழில் தொழில் என்றே வாயில் வரும். வேறுபடுத்தியே ஆக வேண்டுமென்றால் ‘கற்றுச் செய்யும் பணி, பிழைப்புத் தொழில், வாணிகம், வணிக நிறுவனம்’. ‘பிழைப்பு’ சிலருக்குக் கௌரவக் குறைச்சல். எனக்கு அதுதான் ஆக்குபேஷனுக்கு மிக நெருக்கம்.

ஸ்ரீராம்புரம் | ஜனவரி 6, பிற்பகல் 3.05

பே ஸ்லிப்பில் மாதம் 200 பிடிக்கிறார்களே, அது எந்தத் தொழில்?

மாருதி சேவாநகர் | ஜனவரி 6, பிற்பகல் 3.20

வ்ருத்தி தெரிகெ, தமிழில் தொழில் வரி. 1976ஆம் வருடத்துக் கர்நாடகச் சட்டம். மாதச் சம்பளம் 25,000 முதல் என்றால் 200, பிப்ரவரியில் மட்டும் 300. பதினொரு மாதத்துக்கு 2,200, அதோடு 300, மொத்தம் 2,500. அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு ஆண்டுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பும் 2,500தான். அந்தப் பிப்ரவரிக் கூடுதல் நூறின் ரகசியம் இது.

விவேக்நகர் | ஜனவரி 7, காலை 9.00

வீட்டுக்கே திரும்புகிறேன். ‘முதல் குடியேற்றம்’ என்று ஒரு தேதி ஜிஎஸ்டியில் இருக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் 5 சதவீதம், மலிவு விலை வீட்டுக்கு 1 சதவீதம். நிறைவுச் சான்று கிடைத்த பிறகு அல்லது முதல் குடியேற்றத்துக்குப் பிறகு, எது முந்தியோ அதற்கு அப்புறம் மொத்தப் பணமும் கைமாறினால் ஜிஎஸ்டி இல்லை. மொத்தப் பணமும் என்பதைக் கவனியுங்கள். ஒரு தவணையை முன்னால் கொடுத்துவிட்டால் விலக்கு போய்விடும்.

ரேரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் இன்னும் இரண்டு கெடு. ஓசி வந்த மூன்று மாதத்துக்குள் பில்டர் பத்திரம் பதிந்து கொடுக்க வேண்டும், 17ஆம் பிரிவு. ஓசி வந்த இரண்டு மாதத்துக்குள் வாங்குபவர் வீட்டைக் கைவசம் எடுத்துக்கொள்ள வேண்டும், 19(10). ஓசி குடியிருக்க அனுமதி, பொஸஷன் கைவசம், கிரயப் பத்திரம் உரிமை. மூன்றுக்கும் ‘சுவாதீனம்’ என்று ஒரே சொல்லைப் போட்டு ஒரு விற்பனை ஒப்பந்தத் தமிழாக்கம் சுற்றுகிறது. அதைப் படித்து எந்தக் கெடு எப்போது தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அல்சூர் | ஜனவரி 7, காலை 10.30

அடுத்தது நகரத்துக்கு வெளியே. ஹொஸகோட்டே, ஆனேக்கல் பக்கம் நிலம் பார்க்கிறவர்களுக்கு.

கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 1964இல் ‘ஆக்குபன்ட்’ என்றால் நிலத்தை நேரடியாகக் கைவசம் வைத்திருக்கும் பாத்தியதைக்காரர். குத்தகைக்காரர் அதில் சேரமாட்டார். இந்த ‘ஆக்குபன்ட்’டைத் தமிழில் ‘குடியிருப்பவர்’ என்று எழுதினால் நிலத்துக்காரரை ஒண்டுக்குடித்தனக்காரர் ஆக்கிவிடுகிறோம். பஹணியில் (நில உரிமை, பயிர்ப் பதிவேடு) 9ஆம் பத்தியில் வரும் பெயர் அவருடையது. 12ஆம் பத்தியில் வருவது பயிர் செய்பவர். இரண்டு பெயரும் வேறாக இருந்தால் நிற்க வேண்டும், கேட்க வேண்டும்.

‘ஆக்குபன்ஸி ரைட்ஸ்’ என்பது இன்னும் வேறு. 1974 மார்ச் 1 அன்று குத்தகை நிலங்கள் அரசின் வசமாயின. உழுதுகொண்டிருந்தவர்கள் படிவம் 7இல் நிலத் தீர்ப்பாயத்திடம் மனுப் போட்டார்கள், உரிமை கிடைத்தவருக்குப் படிவம் 10. இங்கே ஆக்குபன்ஸி என்பது கிட்டத்தட்ட உடைமை. ஆனால் தீர்ப்பாயத்தின் இறுதி உத்தரவிலிருந்து 15 ஆண்டு விற்கக் கூடாது. பழைய கிரயம் அந்தப் பதினைந்துக்குள் நடந்திருந்தால் உரிமைச் சங்கிலியே அறுந்தது. தரகர் ‘ஃபார்ம் செவன் இருக்கு சார்’ என்பார். ஏழு வெறும் மனு. கேட்க வேண்டியது பத்து.

அல்சூர் | ஜனவரி 7, காலை 10.52

இதோடு சேர்ந்தது போக்கியம். பெங்களூரில் ‘லீஸுக்கு வீடு’ என்கிறோமே, லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பது. கன்னடத்தில் ‘போக்ய’. பணத்துக்கு வட்டியாக வீட்டின் அனுபவம். சொத்து மாற்றுச் சட்டம் 58(டி) சொல்லும் அனுபவ அடமானம் இதுதான். ஆனால் கையில் இருக்கும் தாள் அநேகமாக 11 மாத வாடகை ஒப்பந்தமாக இருக்கும். பதிவில்லாத அந்தத் தாளில் நீங்கள் வாடகைக்காரர், அடமானம் பிடித்தவர் இல்லை. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து ஏலத்துக்கு வந்தால் வங்கிதான் முன்னால் நிற்கும்.

ஸ்ரீராம்புரம் | ஜனவரி 7, பிற்பகல் 1.45

பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தால் நமக்கே சொந்தம் என்கிறார்களே?

அல்சூர் | ஜனவரி 7, பிற்பகல் 2.10

திண்ணைச் சட்டம். வாடகைக்கு இருப்பவர் ஐம்பது வருடம் இருந்தாலும் அது அனுமதியோடு இருப்பது. எதிரிடை அனுபவம் என்றால் உடைமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல், தன் சொத்து என்று சொல்லிக்கொண்டு இருக்க வேண்டும். காலவரம்புச் சட்டம் 1963: தனியார் நிலம் 12 ஆண்டு, அரசு நிலம் 30. அப்படி முதிர்ந்த உரிமையை வைத்து வாதியாகவே வழக்குப் போடலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாடகை ரசீதை ஒழுங்காக வாங்கி வைப்பவர் தன் எதிரிடை அனுபவத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறார். நல்லதுதான்.

ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாதவர் தர வேண்டியதை ‘யூஸ் அண்ட் ஆக்குபேஷன் சார்ஜஸ்’ என்பார்கள். தமிழில் ‘வாடகை’ என்று எழுதிவிட்டால் குத்தகை நீடிப்பதை ஒத்துக்கொண்டதாக எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். ‘அனுபவ நஷ்டஈடு’ என்று எழுதுங்கள்.

மாருதி சேவாநகர் | ஜனவரி 7, இரவு 8.30

நாடு பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்கள்.

அல்சூர் | ஜனவரி 8, காலை 7.15

நாடு. இங்கே தமிழ்ப் பத்திரிகைகளிடம் ஒரே சொல்தான், ஆக்கிரமிப்பு. ஏரிக்கரையில் கொட்டகை போட்டாலும் ஆக்கிரமிப்பு, எல்லை தாண்டித் தாக்கினாலும் ஆக்கிரமிப்பு, தாக்கி முடித்து அந்த நாட்டில் உட்கார்ந்து நிர்வாகம் நடத்தினாலும் ஆக்கிரமிப்பு. ஆங்கிலத்தில் என்க்ரோச்மென்ட், அக்ரஷன், ஆக்குபேஷன் என்று மூன்று. சட்டத்தில் மூன்றுக்கும் விளைவு வேறு.

1907ஆம் வருடத்து ஹேக் போர் விதிகளின் 42ஆவது பிரிவு வைக்கும் அளவுகோல் நிகழ்நிலை: ஒரு பகுதி உண்மையிலேயே எதிரிப் படையின் அதிகாரத்துக்குள் வந்துவிட்டதா? நியாயமா அநியாயமா என்று அது கேட்பதில்லை. 1949ஆம் வருடத்து நான்காம் ஜெனீவா ஒப்பந்தம், ஒரு குண்டுகூட வெடிக்காமல் நடந்தாலும் அது ஆக்குபேஷன்தான் என்கிறது. இறையாண்மை கைமாறாது, கைமாற்றிக்கொண்டதாக அறிவித்தால் அதற்குப் பெயர் இணைப்பு.

1945 முதல் 1952 வரை ஜப்பானில் நேச நாட்டுப் படைகள் இருந்ததை ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதினால், போரை யார் தொடங்கினார்கள் என்பதே தலைகீழாகிறது. ‘படை ஆளுகை’ என்று எழுதலாம். நிலப்பகுதிக்குப் ‘படைவசம் உள்ள பகுதி’. கைவசம் என்ற பத்திரச் சொல்லின் தம்பி.

அல்சூர் | ஜனவரி 8, காலை 7.40

ஐ.நா. பாதுகாப்பு அவையின் 242ஆம் தீர்மானம், 1967 நவம்பர் 22. அந்த வருடப் போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படை விலக வேண்டும் என்பது. ஆங்கிலப் படியில் ‘டெரிட்டரீஸ் ஆக்குபைடு’ என்பதற்கு முன் ‘தி’ இல்லை. பிரெஞ்சுப் படியில் ‘தே தெரித்துவார் ஒக்குபே’. பிரெஞ்சை ‘அந்தப் பகுதிகள்’ என்றும் படிக்கலாம். எல்லாவற்றிலிருந்துமா, சிலவற்றிலிருந்தா என்று இன்றுவரை தகராறு. தமிழில் ‘தி’யே கிடையாது. ‘கைப்பற்றிய பகுதிகளிலிருந்து’ என்று எழுதினால் தகராறு முழுசாக அப்படியே தமிழுக்கும் வந்து சேரும். மொழிபெயர்ப்பாளர் அதில் ‘அனைத்து’ என்று சேர்த்தால் தீர்ப்பு எழுதியவர் ஆகிறார்.

விவேக்நகர் | ஜனவரி 8, காலை 8.25

உள்ளூரிலேயே ஒன்று உண்டே. கண்டோன்மென்ட்.

அல்சூர் | ஜனவரி 8, காலை 9.05

நல்ல நினைவூட்டல். 1881இல் மைசூரை உடையாரிடம் திருப்பிக் கொடுத்தபோது கண்டோன்மென்ட் பகுதியை வெள்ளைக்காரர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். காகிதத்தில் அதற்கு ஆக்குபேஷன் என்று பெயரில்லை, ‘அஸைன்டு’, அதாவது ஒப்படைக்கப்பட்டது. திரும்பி மைசூருக்கு வந்தது 1947இல். ஊர் வாயில் மட்டும் உள்ளது உள்ளபடி ‘தண்டு’, படை இறங்கிய இடம். சிவாஜிநகரில் தண்டு மாரியம்மன் இன்னும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறாள்.

கம்மனஹள்ளி | ஜனவரி 8, பிற்பகல் 12.20

மருமகளுக்குக் கைவிரல் பயிற்சிக்கு ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தமிழில் தேடினால் ‘தொழில்வழி சிகிச்சை’. அவள் வேலைக்கே போவதில்லை. இது எந்தப் பிரிவு?

மாருதி சேவாநகர் | ஜனவரி 8, பிற்பகல் 12.50

முதல் பிரிவு, பொழுது. ஆனால் சம்பளம் சம்பந்தமில்லாத பொழுது. பொத்தான் போடுவது, பல் தேய்ப்பது, தட்டிலிருந்து சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவது, எல்லாமே அந்தச் சிகிச்சையில் ஆக்குபேஷன். பிசியோதெரபி மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்கும். இவர்கள் அந்த மூட்டை வைத்து ஜாக்கெட் கொக்கி மாட்ட முடிகிறதா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால் கொக்கிக்குப் பதில் வெல்க்ரோ, கரண்டிப் பிடிக்குத் தடித்த உறை. ‘அன்றாடச் செயல் பயிற்சி’ என்றால் வீட்டில் எல்லோருக்கும் புரியும். வேலைக்குப் போகாதவர்களுக்குத்தான் இது கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

கம்மனஹள்ளி | ஜனவரி 9, மாலை 5.30

சங்கத்துக்குக் கொடுத்தாயிற்று. ‘தொழில்’ கட்டம் ‘செய்யும் வேலை அல்லது தொழில்’ ஆனது. ‘ஆக்குபைடு’ கட்டம் ‘வீட்டில் இருப்பவர்: உரிமையாளர் / வாடகைதாரர் / போக்கியதாரர் / பூட்டியிருக்கிறது’. ஓசிக்கு விவேக்நகர் சாரின் முதல் யோசனைதான், எங்கள் வளாகத்தில் கடை இல்லை என்பதால். ப்ரூஃப் வந்துவிட்டது, நோட்டீஸ் போர்டில் ஒட்டியும் விட்டார்கள். தலைப்பு: ‘குடிபுகை அனுமதிச் சான்று’.

ஸ்ரீராம்புரம் | ஜனவரி 9, மாலை 5.34

குடிக்கும் புகைக்கும் ஒரே தாளில் அனுமதியா? எந்த பிளாக்கில் வீடு காலி இருக்கிறது?

விவேக்நகர் | ஜனவரி 9, மாலை 5.50

‘புகை’யில் கடைசி எழுத்தை ‘கு’ ஆக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே. தீயணைப்பு ஆய்வு வியாழக்கிழமை.